சட்டம் எங்கே பிறந்தது?

(படிப்பு வகுப்பில் மில் தொழிலாளர்களுக்கும் விவசாயத் தொழிலாளர்களுக்கும் நிகழ்த்திய சொற்பொழிவு)



கோர்ட்டுப் படி ஏறாத தொழிற்சங்கம் உண்டா? தாலுகாக் கச்சேரி வாசலில் காத்துக் கிடக்காத விவசாயத் தொழிலாளி உண்டா? அங்கே போனதும் நம் காதில் விழும் சொற்களைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். வக்காலத்து, வாய்தா, ஜாமீன், ஜப்தி, அமீனா, முன்சீப். இவை பாரசீகத்திலிருந்தும் அரபியிலிருந்தும் வந்தவை. சம்மன், வாரண்டு, அப்பீல், ஜட்ஜ். இவை இங்கிலீஷ். வாதி, பிரதிவாதி என்பவை வடமொழி. நமக்குச் சொந்தமான தமிழ்ச் சொல் அங்கே அதிகமாகக் கேட்பது 'கூண்டு' என்பதுதான்.

இதை வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. யார் யார் ஆண்டார்களோ அவரவர் சட்டம் படிவு படிவாக நம் தலைமேல் இறங்கியிருக்கிறது என்பதற்கு அந்தச் சொற்களே சாட்சி. சட்டம் என்றால் வானத்திலிருந்து விழுந்தது, நியாயவான்கள் கூடி உட்கார்ந்து எழுதியது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அப்படியல்ல. ஒவ்வொரு சட்டத்துக்கும் ஒரு தாய் தகப்பன் உண்டு, பிறந்த ஊர் உண்டு, பிறந்த காரணம் உண்டு. நாங்கள் வக்கீலுக்குப் படித்தவர்களல்ல. ஆனால் சங்க வேலையில் சட்டப் புத்தகத்தைப் புரட்டாமல் தப்ப முடியாது. அப்படிப் புரட்டியதில் கண்டதைத்தான் இங்கே சொல்கிறோம்.

முதலில் ஒரு மயக்கத்தைத் தீர்த்துவிட வேண்டும். வெள்ளைக்காரன் வருவதற்கு முன்னால் நம் கிராமங்களில் எல்லாம் ஜனநாயகமாகவும் நீதியாகவும் இருந்தது என்று மேடைகளில் பேசுவார்கள். உத்திரமேரூர்க் கல்வெட்டை எடுத்துக்காட்டுவார்கள். பராந்தக சோழன் காலத்தில், பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெட்டிய கல்வெட்டு அது. குடவோலை முறையில் வாரிய உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்ததைச் சொல்கிறது. கணக்குக் காட்டாதவன் மறுபடி நிற்கக்கூடாது என்பது போன்ற நல்ல விதிகளும் அதில் உண்டு. மறுக்கவில்லை. ஆனால் யாருடைய பெயரைக் குடத்தில் போடலாம்? கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வேத சாஸ்திர ஞானம் வேண்டும். அந்த நிலத்தில் இறங்கி நாற்று நட்டவன் பெயர் குடத்துக்குள் போகவில்லை. அவனுக்கு வேறு நீதி. ஒரே குற்றத்துக்கு ஜாதிக்கு ஒரு தண்டனை என்று மனுவின் சாஸ்திரம் எழுதி வைத்தது. தமிழ் ஜில்லாக்களில் பண்ணை அடிமைகளை நிலத்தோடு சேர்த்தும், நிலமில்லாமல் தனியாகவும் விற்றார்கள், ஒத்தி வைத்தார்கள். அதற்கு ஓலை எழுதினார்கள், சாட்சிக் கையெழுத்தும் வாங்கினார்கள். அதுவும் அந்தக் காலத்துச் சட்டம்தான்.

இனிக் கம்பெனியாருக்கு வருவோம். சென்னையில் அவர்கள் கோட்டை கட்டிக்கொண்ட ஆரம்ப காலத்தில் பெரிய கோர்ட்டு ஒன்றும் கிடையாது. ஊர்ச் சாவடியில் உட்கார்ந்து சில்லறை வழக்குகளைத் தீர்த்தார்கள். கம்பெனி சாசனப்படி 1688-ல் மேயர் கோர்ட்டு வந்தது. பிறகு 1726-ல் இங்கிலாந்து அரசன் முதலாம் ஜார்ஜ், சென்னை, பம்பாய், கல்கத்தா மூன்றுக்கும் சாசனம் கொடுத்து மேயர் கோர்ட்டுகளை ஏற்படுத்தினான். வியாபாரிக்குக் கடன் வசூலாக வேண்டும், சரக்கு ஒப்பந்தம் நிறைவேற வேண்டும். அதுதான் அந்தக் கோர்ட்டின் முக்கிய ஜோலி. ஆக, இன்றைய நம் நீதி ஸ்தாபனங்களின் வேர் ஒரு வியாபாரக் கம்பெனியின் கிடங்கு வாசலில் இருக்கிறது.

கம்பெனி வங்காளத்தைப் பிடித்தபின் 1772-ல் வாரன் ஹேஸ்டிங்ஸ் ஒரு திட்டம் செய்தான். வாரிசு, கல்யாணம், ஜாதி, மத விஷயங்களில் இந்துக்களுக்குச் சாஸ்திரப்படியும் முஸ்லிம்களுக்குக் குரான்படியும் தீர்ப்பு என்றான். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் சாஸ்திரம் என்ன சொல்கிறதென்று யாரைக் கேட்டார்கள்? பண்டிதர்களை. ஊருக்கு ஊர், குலத்துக்குக் குலம் வேறுபட்ட வழக்கங்கள் உழைக்கும் ஜனங்களிடம் இருந்தன. அறுத்துக் கட்டும் வழக்கம் இருந்தது, தீர்த்துவிடும் வழக்கம் இருந்தது. அவற்றைக் கேட்டு எழுதுவாரில்லை. ஏட்டில் இருந்தது கோர்ட்டில் ஏறியது. கிரிமினல் விஷயத்திலோ, முகலாயர் காலத்து முஸ்லிம் சட்டத்தையே கம்பெனி தன் வசதிக்கு வெட்டி ஒட்டி வைத்துக்கொண்டது. கோட்டை நகரங்களில் மட்டும் இங்கிலீஷ் சட்டம். அந்தச் சட்டப்படிதான் 1775-ல் கல்கத்தாவில் நந்தகுமார் என்ற பெரிய மனிதரை, கள்ளப் பத்திரம் செய்தார் என்று தூக்கிலிட்டார்கள். இந்த நாட்டு ஜனங்களுக்கு அந்தக் குற்றத்துக்குத் தூக்கு என்பது பழக்கமில்லாத சங்கதி. அவர் ஹேஸ்டிங்ஸ் மீது லஞ்சப் புகார் சொன்னவர் என்பதையும் சேர்த்து நினைவில் வையுங்கள்.

இதெல்லாம் வங்காளத்துச் சங்கதி. சென்னை ராஜதானியில் நம் பாட்டன்மார் கண்ட சட்டம் எது? வரி வசூல். 1816-ம் வருஷ ரெகுலேஷன்களின்படி, வரி தண்டும் அதிகாரியே போலீஸ் அதிகாரியும் ஆனான். தாசில்தாரே வரி கேட்பான், அவனே பிடித்து அடைப்பான். புகார் சொல்ல வேண்டுமானால் அவனுடைய கச்சேரிக்குத்தான் போக வேண்டும். இதன் பலன் என்ன? லண்டன் பார்லிமெண்டில் கேள்வி எழும்பி, 1854-ல் சென்னையில் ஒரு விசாரணைக் கமிஷன் போட்டார்கள். 1855-ல் அறிக்கை வந்தது. சித்திரவதைக் கமிஷன் அறிக்கை என்றே அதற்குப் பெயர். 'கிட்டி', 'அண்ணாந்தாள்' என்ற நம் ஊர்ச் சொற்கள் அந்த இங்கிலீஷ் அறிக்கையில் அப்படியே ஏறின. கிட்டி என்பது ஒரு முனையில் சேர்த்துக் கட்டிய இரண்டு கட்டைகள். நடுவில் விரலை வைத்து நெரிப்பது. அண்ணாந்தாள் என்பது கழுத்தையும் கால் விரலையும் கயிற்றால் பிணைத்து, ஆளை வளைத்து வெயிலில் நிறுத்துவது. முதுகில் கல்லும் ஏற்றுவார்கள். எதற்காக? பாக்கி நின்ற சில ரூபாய் கிஸ்திக்காக! நெடுந்தூரம் நடந்து சென்னைக்கு வந்து குடியானவர்கள் கமிஷனிடம் முறையிட்டார்கள். கமிஷனோ, இம்சை நடந்தது உண்மை, ஆனால் குற்றம் கீழே உள்ள சுதேசிச் சிப்பந்திகளுடையது, ஐரோப்பிய அதிகாரிகளுடையது அல்ல என்று முடித்தது. 1857-ல் இந்த அறிக்கையை எடுத்துவைத்துக்கொண்டு நியூயார்க் பத்திரிகை ஒன்றில் கார்ல் மார்க்ஸ் கட்டுரை எழுதினார். சிப்பாய்கள் கொடுமை செய்தார்கள் என்று லண்டன் பத்திரிகைகள் கூக்குரலிட்ட நேரம் அது. உங்கள் சொந்த அறிக்கையையே படித்துப் பாருங்கள் என்று அவர் காட்டினார்.

அந்தக் குடியானவர்களின் முறையீடு வீண்போகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். வரி வேலையையும் போலீஸ் வேலையையும் பிரித்து 1859-ல் சென்னைப் போலீஸ் சட்டம் வந்தது. போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த குற்ற ஒப்புதலைக் கொண்டு ஒருவனைத் தண்டிக்கக் கூடாது என்ற விதி 1861-ல் முதலில் வந்து, பிறகு 1872-ம் வருஷச் சாட்சியச் சட்டத்தில் 25-வது பிரிவாக நின்றது. இன்றைய சாட்சியச் சட்டத்தில் அது 23-வது பிரிவு. போராட்டத்தில் கைதாகும் தோழர்கள் இதை அறிந்திருக்க வேண்டும். ஸ்டேஷனில் மிரட்டி எழுதி வாங்கிய ஒப்புதல் கோர்ட்டில் உங்களுக்கு எதிராகச் செல்லாது. ஆனால் பின்கதவு ஒன்றும் வைத்திருக்கிறார்கள். நீங்கள் சொன்னதைக் கொண்டு ஒரு பொருளைக் கண்டெடுத்தால், அதோடு சம்பந்தப்பட்ட பேச்சு மட்டும் செல்லும். ஸ்டேஷன்களில் அடி இன்னும் ஓயாததற்கு அந்தப் பின்கதவும் ஒரு காரணம் என்பது எங்கள் கருத்து.

இப்போது பெரிய சட்டத்துக்கு வருவோம். 1834-ல் மெக்காலே என்ற இங்கிலீஷ்காரர் சென்னையில் வந்து இறங்கினார். கவர்னர் ஜெனரலைப் பார்க்க ஊட்டிக்குப் போனார், பிறகு கல்கத்தா சேர்ந்தார். அவர் தலைமையில் அமைந்த சட்டக் கமிஷன் 1837-ல் தண்டனைச் சட்ட நகலைக் கொடுத்தது. இருபத்துமூன்று வருஷம் அது தூங்கிற்று. 1857-ல் சிப்பாய்கள் எழுந்து ஏகாதிபத்தியத்தின் அஸ்திவாரத்தையே ஆட்டியபின்தான் சர்க்காருக்கு அவசரம் பிறந்தது. 1859-ல் சிவில் நடைமுறைச் சட்டம், 1860-ல் இந்தியத் தண்டனைச் சட்டம், 1861-ல் கிரிமினல் நடைமுறைச் சட்டமும் போலீஸ் சட்டமும், 1862-ல் சென்னை, பம்பாய், கல்கத்தா ஹைகோர்ட்டுகள். நாலே வருஷத்தில் இவ்வளவும்! ஜாதி பார்க்காமல் ஒரே குற்றத்துக்கு ஒரே தண்டனை என்ற கொள்கை அதில் வந்தது நல்லதே. நல்லதை நல்லது என்று சொல்வதில் நமக்குத் தயக்கம் இல்லை. மனுவின் தராசு கிரிமினல் சட்டத்தில் அன்றோடு ஒழிந்தது.

ஆனால் அதே 1859-ல் இன்னொரு சட்டம் பிறந்தது. அதைப் பற்றித்தான் இன்று கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும், ஏனென்றால் அது நமக்கென்றே செய்த சட்டம். தொழிலாளர் ஒப்பந்த மீறல் சட்டம். 1859-ம் வருஷத்து 13-வது சட்டம்.

கதை இதுதான். 1843-ல் ஒரு சட்டம் வந்து, அடிமை மீது எஜமானனுக்கு உள்ள உரிமையைக் கோர்ட்டுகள் ஒப்புக்கொள்ளக்கூடாது என்றது. தண்டனைச் சட்டம் வந்தபோது அடிமையை விற்பதும் வாங்குவதும் குற்றமாயிற்று. சரி, அடிமை விடுதலையானான். ஆனால் அவனுக்கு நிலம் கொடுத்தார்களா? இல்லை. கல்யாணத்துக்கும் சாவுக்கும் பஞ்சத்துக்கும் அவன் யாரிடம் கை நீட்டுவான்? பழைய எஜமானனிடம்தான். ஓலை போயிற்று, கடன் சீட்டு வந்தது. மலைத் தோட்டங்களிலும் நகரத்துப் பட்டறைகளிலும் இதே கதைதான். முன்பணம் கொடுத்து ஆளை வளைப்பது, வேலை தாங்காமல் அவன் ஓடினால் பிடிப்பது. பிடிக்க ஒரு சட்டம் வேண்டுமே! கல்கத்தாவின் வெள்ளைக்கார வியாபாரிகள் சங்கம் மனுச் செய்தது. சட்டம் வந்தது.

அந்தச் சட்டத்தின் சாரம் என்ன? முன்பணம் வாங்கிய தொழிலாளி தக்க காரணமின்றி வேலை செய்ய மறுத்தால் எஜமான் மாஜிஸ்திரேட்டிடம் புகார் செய்யலாம். மாஜிஸ்திரேட், பணத்தைத் திருப்பிக் கொடு அல்லது வேலையைச் செய் என்று உத்தரவிடுவார். இரண்டும் இல்லையென்றால் மூன்று மாதம் வரை கடுங்காவல். எஜமான் கூலியைக் கொடுக்காமல் ஒப்பந்தத்தை மீறினால்? அவனுக்குக் காவலுமில்லை, கட்டையுமில்லை. கூலிக்காரன் வேண்டுமானால் சிவில் தாவா போட்டுக்கொள்ளலாம்! தாவாவுக்கு ஸ்டாம்பு வாங்கக் காசு இருந்தால் அவன் ஏன் முன்பணம் வாங்குகிறான்? முதலில் மூன்று பெரிய நகரங்களுக்காகச் செய்த சட்டம் பிறகு மற்ற இடங்களுக்கும் பரவிற்று. அசாம் தேயிலைத் தோட்டத்தில் இதுவே சவுக்கு. நீலகிரியிலும் வயநாட்டிலும் தோட்டத் துரைமார் இதையே பிடித்துக்கொண்டார்கள். போதாதென்று சென்னை ராஜதானியில் 1903-ல் தோட்டத் தொழிலாளர் சட்டம் என்று தனியாகவும் ஒன்றை வாங்கிக்கொண்டார்கள்.

இதிலே ஒரு சங்கதி. ஒப்பந்தத்தை மீறுவதைப் பொதுவாகக் குற்றமாக்கக் கூடாது, அது சிவில் விவகாரம் என்பதுதான் மெக்காலே கமிஷனின் கொள்கை. சில தனி விஷயங்களுக்கு மட்டும் விலக்கு வைத்தார்கள். ஆக, சட்ட சாஸ்திரம் ஒன்று சொல்லிற்று, தோட்டக்காரனின் மடிசீலை வேறு சொல்லிற்று. எது ஜெயித்தது என்று உங்களுக்குத் தெரியும்.

இந்தக் கருத்து எங்கிருந்து வந்தது? இந்த நாட்டில் முளைத்ததல்ல. 1348-ல் இங்கிலாந்தில் கொள்ளை நோய் வந்து, ஜனத்தொகையில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் மடிந்தது. வேலைக்கு ஆள் கிடைக்கவில்லை. உயிர்தப்பிய கூலியாட்கள் நியாயமாகவே கூலி உயர்த்திக் கேட்டார்கள். நிலப்பிரபுக்கள் என்ன செய்தார்கள்? மூன்றாம் எட்வர்ட் அரசனிடம் போனார்கள். 1349-ல் உத்தரவு, 1351-ல் சட்டம். அறுபது வயதுக்குட்பட்ட, சொந்த நிலமும் தொழிலும் இல்லாத ஆணும் பெண்ணும், கூப்பிட்ட எஜமானிடம் வேலைக்குப் போயே தீர வேண்டும். நோய்க்கு முந்திய கூலிதான் கொடுக்கலாம். தவணை முடியுமுன் வேலையை விட்டால் சிறை. அந்த விதையிலிருந்து வளர்ந்ததுதான் இங்கிலாந்தின் எஜமான்-வேலையாள் சட்டங்கள். அங்கே தொழிற்சங்கங்கள் போராடி 1875-ல் அந்தச் சிறைத் தண்டனையை ஒழித்தார்கள். இங்கே? 1925-ல்தான் ரத்து மசோதா நிறைவேறியது. லங்காஷயர் தொழிலாளிக்கும் அசாம் கூலிக்கும் இடையே ஐம்பது வருஷம்! ஒரே சாம்ராஜ்யம், ஒரே மகுடம்.

மில் தோழர்கள் இன்னொரு வழக்கைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1918 ஏப்ரலில் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவாயிற்று. செல்வபதி செட்டியார், ராமானுஜலு நாயுடு முயற்சியில் பிறந்தது. பி.பி. வாடியா தலைவர். பெரம்பூர் பின்னி மில் தொழிலாளர்கள்தான் அதன் பலம். 1920-ல் தகராறு முற்றியபோது பின்னி கம்பெனி ஹைகோர்ட்டுக்குப் போயிற்று. தொழிலாளர்களை ஒப்பந்தத்தை மீறத் தூண்டினார்கள், நஷ்டஈடு வேண்டும் என்று தலைவர்கள் மேல் வழக்கு. கோர்ட்டு தடையுத்தரவு போட்டது. முடிவில் வாடியா சங்கத்தை விட்டு விலக வேண்டி வந்தது. கூலி கேட்பதும் கூட்டாக வேலையை நிறுத்துவதும் சதி! இங்கிலாந்திலும் 1901-ல் டாஃப் வேல் ரயில்வே வழக்கில் பிரபுக்கள் சபை இதே மாதிரி தீர்ப்புச் சொல்லியிருந்தது. ஆனால் அங்கே 1906-லேயே பார்லிமெண்டு சட்டம் செய்து சங்கங்களைக் காப்பாற்றிவிட்டது. வியாதி மட்டும் கப்பலேறி வந்தது, மருந்து வரவில்லை. சென்னை வழக்கு நாடெங்கும் கொதிப்பை உண்டாக்கியது. 1921-ல் மத்திய சட்டசபையில் என்.எம். ஜோஷி தீர்மானம் கொண்டுவந்தார். 1926-ல் தொழிற்சங்கச் சட்டம் நிறைவேறியது. பதிவு செய்த சங்கத்தின் மேல் சதி வழக்கும் அந்த மாதிரி நஷ்டஈட்டு வழக்கும் கூடாது என்ற பாதுகாப்பு அதில்தான் வந்தது. பின்னி தொழிலாளியின் பட்டினி அந்தச் சட்டத்தின் ஒவ்வொரு வரியிலும் இருக்கிறது.

ராஜத்துரோகப் பிரிவையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறோம். 124-ஏ. மெக்காலே நகலில் இருந்து, 1860-ல் விட்டுப்போய், 1870-ல் நுழைக்கப்பட்டது. 1908-ல் தூத்துக்குடி கோரல் மில் வேலைநிறுத்தத்துக்குத் துணை நின்ற வ.உ. சிதம்பரம் பிள்ளைக்கு இதன் கீழும் தண்டனை. திருநெல்வேலி ஜட்ஜ் இரட்டை ஆயுள் கொடுத்தார், அப்பீலில் குறைந்தது. அதே வருஷம் ஜூலையில் திலகருக்கு ஆறு வருஷம் விதித்தபோது பம்பாய் மில் தொழிலாளர்கள் ஆறு நாள் மில்களை நிறுத்தினார்கள். ருஷ்யத் தலைவர் லெனின் அதைக் கவனித்து எழுதினார்.

1947-ல் கொடி மாறிற்று. 1950-ல் அரசியல் சட்டம் வந்தது. தீண்டாமை ஒழிந்தது என்று எழுதினார்கள், சங்கம் சேரும் உரிமை என்று எழுதினார்கள். இவை சின்ன விஷயங்களல்ல. ஆனால் 372-வது ஷரத்தையும் படிக்க வேண்டும். அதுவரை இருந்த சட்டங்கள், மாற்றும் வரை அப்படியே தொடரும் என்கிறது அது. தண்டனைச் சட்டம் தொடர்ந்தது, ராஜத்துரோகம் தொடர்ந்தது. அரசியல் சட்டம் அமுலாகி ஒரு மாதத்தில் தடுப்புக் காவல் சட்டமும் வந்துவிட்டது. சென்னை ராஜதானிச் சிறையில் இருந்த தோழர் ஏ.கே. கோபாலன் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். சட்டம் என்ற பெயரில் எதைச் செய்தாலும் சரியா, அதில் நியாயம் வேண்டாமா என்பது அவர் கேள்வி. 1950 மே மாதத்தில் பெரும்பான்மை நீதிபதிகள் சட்டசபை நிறைவேற்றியிருந்தால் போதும் என்றார்கள். காவலின் காரணத்தைக் கோர்ட்டில் சொல்லக் கூடாது என்ற 14-வது பிரிவு மட்டும் செல்லாதென்றார்கள். நடைமுறை நியாயமாகவும் இருக்க வேண்டும் என்று அதே கோர்ட்டு சொல்ல 1978 வரை, மேனகா காந்தி வழக்கு வரை, காத்திருக்க வேண்டியதாயிற்று.

தஞ்சைத் தோழர்களுக்குப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் 1952-ல் கிடைத்தது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-ல் வந்தது. 1843-ல் ஆரம்பித்த காரியம் 1976-க்கு வந்து சேர்ந்தது. வெண்மணியில் 1968-ல் நாற்பத்துநாலு பேர் எரிந்தார்கள். 1973-ல் ஹைகோர்ட்டு மிராசுதார்களை விடுதலை செய்தது. இதற்கு மேல் அதைப்பற்றி இங்கே பேசுவதற்கில்லை.

2024 ஜூலை 1-ம் தேதியிலிருந்து மெக்காலே சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்திருக்கிறது. 511 பிரிவு 358 ஆயிற்று. அடிமைச் சின்னத்தை அகற்றிவிட்டோம் என்கிறார்கள். பக்கத்தில் வைத்துப் படித்துப் பாருங்கள். பெரும்பகுதி எண் மாறிய பழைய வாசகம். ராஜத்துரோகம் என்ற சொல் போயிற்று, 152-வது பிரிவு வந்தது. ஆயுள் தண்டனை அதிலும் இருக்கிறது.

நமக்கு உடனடியாகத் தெரிய வேண்டியது தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு. 2020-ல் நிறைவேறி 2025 நவம்பர் 21 முதல் அமுலுக்கு வந்திருக்கிறது. 1926-ம் வருஷத்துத் தொழிற்சங்கச் சட்டத்தை அது விழுங்கிவிட்டது. முன்பு ரயில், தண்ணீர், மின்சாரம் போன்ற பொது உபயோகத் தொழில்களுக்கு மட்டும் இருந்த வேலைநிறுத்த நோட்டீஸ், இப்போது எல்லாத் தொழில் ஸ்தாபனத்துக்கும் வந்துவிட்டது. நோட்டீஸ் கொடுத்து 14 நாள் கழியாமல் நிறுத்தக் கூடாது. அதற்குள் சமரச அதிகாரி முதல் கூட்டம் கூட்டிவிட்டால் சமரசம் ஆரம்பித்ததாகக் கணக்கு. சமரசம் நடக்கும்போதும், முடிந்து ஏழு நாள் வரையிலும் நிறுத்தினால் சட்டவிரோதம். நோட்டீஸுக்கு ஆயுள் 60 நாள். இந்த நாட்களைச் சங்கக் காரியதரிசிகள் காலண்டரில் குறித்து வைத்து வேலை செய்ய வேண்டும். நோட்டீஸை இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் மானேஜர் ஆபீஸின் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். வாங்க மறுத்தால் அன்றைக்கே ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். சமரச அதிகாரி கூப்பிடும் கூட்டத்துக்குத் தவறாமல் போய், நாம் சொன்னது குறிப்பில் ஏறியிருக்கிறதா என்று படித்துப் பார்த்தபின் கையெழுத்துப் போடுங்கள்.